பின் சீட்டின் இடது பக்கம்

அந்த வண்டியில் தூங்கியதைப் போல நான் வேறெங்கும் தூங்கியதில்லை. காலை ஏழு மணிக்கு வேலூரில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஆம்பூர். பொய்கை தாண்டும்போது கண் மூடிவிடும். முழுத்தூக்கம் என்று சொல்ல முடியாது, காது பாதி திறந்துதான் இருக்கும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்று நகர்வது தெரியும். வெட்டுவானம் கோயில் பக்கம் ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு அம்மன் பாட்டு வந்து, முடியாமலே பின்னால் போகும். இடது கன்னத்தில் வெயில் விழுவதும் மாறுவதும் தெரியும். ஆம்பூர் நெருங்கும்போது, ஜன்னல் ஏற்றியிருந்தாலும், பதனிடும் தோலின் வாசனை உள்ளே வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் அதை நாற்றம் என்பார்கள். எனக்கு அதுதான் அலாரம்.

வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. ராத்திரி மூன்று தடவையாவது கூப்பிடுவார். நாலரைக்கு எழுந்து சமையல். கம்பெனிக்குப் போனால் சாயந்திரம் வரை நின்றுகொண்டே வேலை. ஒரு நாளில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடாத நேரம் அந்த முக்கால் மணி நேரம்தான்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செலக்‌ஷன் பார்க்கிறவள். டேனரியிலிருந்து பதனிட்டு வரும் தோலை மேஜைமேல் விரித்து, இது ஒன்றாம் தரம், இது இரண்டு, இது வேண்டாம் திருப்பி அனுப்பு என்று பிரிக்கிற வேலை. இருபத்தாறு வருடமாகிறது. இதற்குக் கண் வேண்டும், அதைவிடக் கட்டை விரல் வேண்டும். ஆளுக்கொரு கைப்பழக்கம் உண்டு. நான் வலது கட்டை விரல் நகத்தால் சின்னதாக மூன்று தரம் கீறிப் பார்ப்பேன், மேல்பூச்சு உரிகிறதா என்று. அப்புறம் அதே விரலால் ஒரு அழுத்து, சுருக்கம் எப்படி விழுகிறது என்று. அந்த ஒரு நகத்தை மட்டும் கொஞ்சம் வளர்த்து வைத்திருப்பேன். எந்த டேனரியிலும் என் பேச்சை மறுத்துப் பேச மாட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று கம்பெனியில் சொல்வார்கள், அது சரிதான்.

வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று டேனரிகளுக்கு நான் அலைய வேண்டியிருப்பதால் கம்பெனி ஒரு காரை மாத வாடகைக்கு எடுத்தது. கார் வாடகைக் கம்பெனியுடையது, டிரைவர் எங்கள் ஆள். வண்டி வந்த முதல் நாள் ஏறி உட்கார்ந்ததுமே என் கை சீட்டைத் தடவியது. வெளிர் பழுப்பு நிறம். நகத்தால் ஒரு கீறு, விரலால் ஒரு அழுத்து.

"ஒரிஜினல் தோல்தான்" என்றேன்.

"வண்டிலகூடவா மேடம்?" என்று டிரைவர் சிரித்தார்.

எங்கள் கம்பெனி ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். கல்யாண மண்டபத்து சோபாவைக்கூட நகம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளின் கைப்பையைக் கேட்காமல் தொட்டுப் பார்த்துத் திட்டு வாங்கியவள் நான்.

டிரைவர் வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருக்கும். நான் அண்ணா என்பேன், அவர் மேடம் என்பார். ஒரு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் எழுதினால் ஒரு பக்கம் தேறாது. நான் வண்டி ஏறியதும் ரேடியோவை அணைத்துவிடுவார், அவ்வளவுதான் எங்கள் உறவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் பொய்கையில் மாட்டுச் சந்தை. அன்றைக்கு மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். குளிப்பாட்டிப் பொட்டு வைத்த மாடுகள், கொம்புக்குப் புதுக் கயிறு, விலை பேசுகிறவர்கள் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு வெள்ளை மாட்டின் தொடையில் முள் கீறியிருப்பதைப் பார்ப்பேன். இரண்டாம் தரம் என்று மனசு சொல்லிவிடும். அது பாட்டுக்கு உயிரோடு வைக்கோல் தின்றுகொண்டிருக்கும். சே, என்ன பிறவி நான் என்று வெட்கமாக இருக்கும், அந்த வெட்கத்தோடேயே தூங்கிப் போவேன். பாதித் தூக்கத்தில் பாலாறு தெரியும். தண்ணீர் இருக்காது. கரைக்குக் கரை மணலில் தோல்கள் விரித்திருக்கும், பேர்ணாம்பட்டு மலை வரைக்கும். நான் செருப்பில்லாமல் அவற்றின் மேல் நடந்துகொண்டே ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பேன். எதிலும் ஒரு குறைகூட இருக்காது. தரத்தைக் குறித்துக்கொள்ள யாரும் நோட்டோடு பின்னால் வரமாட்டார்கள். அந்தக் கனவு எனக்கு வாரத்தில் இரண்டு நாளாவது வந்துகொண்டிருந்தது, அவ்வளவு நிம்மதியான கனவு.

ஒரு வருடம் முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து வாடகைக் கம்பெனியிலிருந்து கடிதம். பின் சீட்டின் இடது பக்கம் கூர்மையான பொருளால் கீறப்பட்டிருக்கிறது, சீட்டை மாற்றும் செலவை நீங்கள் ஏற்க வேண்டும், படங்கள் இணைத்திருக்கிறோம். எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் என்னையும் டிரைவரையும் கூப்பிட்டனுப்பினார்.

"சீட்ட நாசம் பண்ணி வெச்சிக்கீறோம்னு எழுதிருக்கான், மேடம். எனக்குத் தெரியும் இது இன்னான்னு. ஞாயித்துக்கெழம இவன் வண்டிய வூட்டுக்கு எடுத்துனு போயிருப்பான். அருவா, மம்மட்டின்னு எதையாச்சும் பின்னாடி போட்டுனு வந்திருப்பான்" என்றார். டிரைவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"இல்ல சார்" என்றார் டிரைவர்.

"அப்ப எப்படி ஆச்சு?"

"தெரியல சார்."

சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ தெரிந்து வைத்துக்கொண்டுதான் இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கும் பட்டது. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அவரை வெளியே அனுப்பிவிட்டு மேனேஜர் சொன்னார், "புது வண்டிய அவங்க டிரைவரோடவே தர்றேன்றாங்க. இது இவன் வேலதான்னு ஆச்சுன்னா ஒண்ணாந்தேதிலேந்து வராதன்னு சொல்லிடப் போறேன். இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

டிரைவரின் மூத்த பெண் வேலூரில் நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். அவர் பேசிய ஒரு பக்கத்தில் அதுவும் ஒரு வரி.

மேஜைமேல் இருந்த படங்களை எடுத்துப் பார்த்தேன். நாலு படம். மூன்று மங்கல். ஒன்றில் மட்டும் சீட்டின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு தெளிவாகத் தெரிந்தது. பார்த்த உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத யாரும் கீறல சார். மாடு உயிரோட இருக்கும்போதே பட்ட காயம், ஆறிப்போன தழும்பு. கார் சீட்டுக்குத் தோல வழவழன்னு தேய்ச்சுப் பெயிண்ட் அடிச்சு இதையெல்லாம் மறைச்சிடுவாங்க. இது எப்படியோ தப்பி வந்திருக்கு. நானே நேர்ல போய்ப் பேசறேன். அஞ்சு நிமிஷ வேல."

அவ்வளவு தெம்பாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

மறுநாள் மத்தியானம் நானும் டிரைவரும் பஸ்ஸில் போனோம். வேலூர் வருவதற்கு முன்னால், சர்வீஸ் ரோட்டை ஒட்டி, தகரக் கொட்டகை போட்ட, வாடகைக் கம்பெனியின் பெரிய யார்டு. வரிசையாகக் கார்கள், மேலே தூசி. எங்கள் வண்டி கடைசி வரிசையில், நாலு கதவும் திறந்தபடி நின்றது. வண்டிகளைப் பரிசோதிக்கிறவர் டார்ச் லைட்டோடு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் வெள்ளை உறை, வழியில் நின்ற கார்களைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது, அவருக்கும் என்னைப் போலப் பொருளை விரலால் பார்க்கிற பழக்கம்.

நான் சீட்டில் ஏறி முட்டி போட்டு உட்கார்ந்து அந்த நீளக் கோட்டைக் காட்டினேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலை நனைத்துக் கோட்டின் மேல் தேய்த்தேன்.

"புதுக் கீறல்னா தண்ணி உள்ள இறங்கி அந்த எடம் கறுக்கும். பாருங்க, கறுக்கல. பெயிண்ட் கோட்டுக்குள்ளேயும் போய் உக்காந்திருக்கு. அப்ப பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே இது இருந்திருக்கு."

அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் அந்தத் தழும்பைத் தடவினார். "எத்தினி வருஷமா இந்த வேலை பாக்கறேன், யாரும் இத சொன்னதில்ல மேடம். மாட்டுக்கு இன்னா ஆயிருக்கும்?"

"அரிப்பெடுத்து முள்கம்பில முதுகத் தேய்ச்சிருக்கும். வேறென்ன."

இரண்டு பேரும் சும்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கேயோ ஒரு வேலி ஓரத்தில், புல் வாசனையில், ஒரு மாடு சுகமாகக் கண்ணை மூடி முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. தகரக் கொட்டகைக்குள் அந்த நிமிடம் அப்படியே நின்றதுபோல் இருந்தது. அவர் தன் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு, இயற்கைத் தழும்பு என்று எழுதினார். நான் வெளியே நின்ற டிரைவரைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது மேடம்?" என்றார் பரிசோதகர்.

டார்ச்சைச் சீட்டோடு ஒட்டி, சாய்வாகப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாத இடம். சாய்ந்த வெளிச்சத்தில் அங்கே குட்டிக் குட்டிப் பிறைகள் தெரிந்தன. நூற்றுக்கணக்கில். உள்ளங்கை அகலத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக. மூன்று பிறை, பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். மறுபடி மூன்று பிறை, ஒரு பள்ளம். இடது பக்கம் உட்காருகிறவரின் வலது கை விழுகிற இடம் அது.

என் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா. மேஜையில் கீறும்போது ஒருநாளும் இவ்வளவு ஆழமாகக் கீறியதில்லை. ஈர விரலை வைத்தேன். தோல் உடனே கறுத்தது.

அவர் பேனாவைத் தாள்மேல் வைத்தார். "இதுவும் மாட்டோடதுன்னா சொல்லிடுங்க மேடம், எழுதிடறேன். நீங்க சொன்னா சரிதான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். உண்ணி கடித்த தடம் என்று சொன்னால்கூட நம்பியிருப்பார். டிரைவர் தப்பித்துவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் சாயந்திரத்துக்குள் ஆம்பூரில் இருக்கிற அத்தனை டேனரியிலும் தெரிந்துவிடும், செலக்‌ஷன் மேடம் எலி மாதிரி கார் சீட்டைப் பிறாண்டி வைத்திருக்கிறாள் என்று. ஆனால் என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், தோலைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் அந்தப் பொய் வரவே இல்லை.

"இது என் நகம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "டிரைவரக் காப்பாத்தணும்னு சொல்றீங்க. உங்க நல்ல மனசு. ஆனா இது சாவி மேடம். சும்மா நிக்கற நேரத்துல பின்னாடி வந்து சாய்ஞ்சுனு சாவியால குத்திக்கினே இருப்பாங்க. நான் நிறையப் பாத்துட்டேன்."

கட்டை விரலை ஒரு பிறைமேல் வைத்துக் காட்டினேன். சரியாகப் பொருந்தியது.

"என் நகமும்தான் பொருந்தும்" என்று அவரும் வைத்துக் காட்டினார். கிட்டத்தட்டப் பொருந்தத்தான் செய்தது. "டிரைவர் கவனக்குறைவுன்னுதான் மேடம் போடணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தழும்பை நான் சொன்னவுடன் நம்பியவர், என்னைப் பற்றி நான் சொன்னதை நம்பவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"நான் தூங்கும்போது பண்ணியிருக்கேன். வேணும்னா தூங்கிக் காட்டறேன்" என்றேன்.

இப்போது எழுதும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அப்போது அது ரொம்ப நியாயமாகப்பட்டது. என் இடத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் முன் சீட்டில் உட்கார்ந்தார் போலிருக்கிறது, வண்டி லேசாக அசைந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கை பாட்டுக்குக் கல் மாதிரி கிடந்தது. நடிக்கக்கூடாது, கையை நானாக அசைக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். தகரத்தில் காற்று தட்டியது. சாலையில் வண்டிகள் வருவதும் போவதும் ஒரே சீராகக் கேட்டது. முந்தின ராத்திரி மாமியாருக்கு இருமல், இரண்டு மணிக்கு மேல் நான் கண்ணே மூடவில்லை. சீட்டின் இளஞ்சூடு முதுகில் ஏறியது. வண்டி நகர்வது போல இருந்தது. பொய்கை வந்தது, போனது. மணல் வந்தது. மணல்மேல் தோல்கள், வெளிர் பழுப்பாக, மலை வரைக்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். குனிந்தேன். எல்லாம் ஒன்றாம் தரம்.

கண் விழித்தபோது வெயில் கொட்டகைக்குள் வந்து என் மடியில் கிடந்தது. பரிசோதகர் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கட்டை விரல் சீட்டின் மேல் இருந்தது. அதன் அடியில் புதிதாக மூன்று பிறைகள்.

"இருபது நிமிஷம் மேடம்" என்றார் மெதுவாக, யாரோ இன்னும் தூங்குவதுபோல. "எழுதிடறேன்."

எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். பயணியின் கைப்பழக்கத்தால் ஏற்பட்டது, டிரைவர் பொறுப்பல்ல. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இறங்கும்போதுதான் பார்த்தேன், என் பக்கத்துக் கதவைக் காற்று அடித்துச் சாத்திவிடாமல் டிரைவர் முதுகை வைத்துத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார். இருபது நிமிடமும் அப்படியே நின்றிருப்பார் போல. உள்ளே திரும்பிப் பார்க்கவே இல்லை.

கம்பெனிக்குத் திரும்ப ஏறிய ஆம்பூர் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றது. நடந்ததைக் கேட்டும் அவர் ஆச்சரியப்படவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்குத் தெரியும் இல்லண்ணா?"

"கண்ணாடில தெரியும் மேடம். தெனம் பாப்பேன்."

"ஒரு வருஷமா பாத்துக்கினு சும்மா இருந்தீங்களா? வேலையே போயிருக்கும். ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" கோபமாகத்தான் கேட்டேன். முன் சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா அப்புறம் நீங்க தூங்க மாட்டீங்க மேடம்."

நான் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். ஆம்பூர் வரைக்கும் அழுதேன், சத்தம் வராமல். அவர் அதையும் பார்க்காத மாதிரி இருந்தார்.

சீட்டுக்கான செலவை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மேனேஜர் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார், கதை நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே டேனரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றாம் தேதி புது வண்டி வந்தது. ஓட்டுவது அவர்தான். காலையில் நான் ஏறியதும் ரேடியோவை அணைக்கிறார்.

அவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொள்கிறேன், கை சும்மா இருக்கிறதா என்று மனசு பார்த்துக்கொண்டே இருக்கிறது, தூக்கம் வருவதில்லை. மணலும் வருவதில்லை. ஆனாலும் பொய்கை தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, ஆம்பூர் வரும்வரை அப்படியே இருக்கிறேன். அவர் கண்ணாடியில் பார்ப்பார்.